துணைவேந்தரின் படத்திறப்பும் என் தம்பியின் ஒரு கேள்வியும்

1

எங்கள் பல்கலைக்கழகத் தலைவருக்கு மார்க் போடச் சொல்லிப் போன வாரம் ஒரு தாள் வந்தது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நான் படித்த இடத்தில் துணைவேந்தரின் கார் உள்ளே வந்தால் வராந்தாவில் நிற்கிறவர்கள் தூணோடு தூணாக ஒட்டிக்கொள்வோம். இங்கே அதே நாற்காலியில் இருப்பவருக்குப் பிரசிடென்ட் என்று பெயர். அரசாங்கப் பல்கலைக்கழகம், ஜனங்களின் வரியில் நடப்பது. அதனால் அவர் பதவியை விட்டுப் போகும்போது, அவர் எப்படி நடத்தினார் என்று அங்கே சம்பளம் வாங்குகிற எல்லோரையும் கேட்கிறார்கள். நேர்மை, துணிவு, பிறர் சொல்வதைக் காதில் வாங்கும் குணம் என்று வரிசையாகப் போட்டு, எதிரே மிக நன்று முதல் மிக மோசம் வரை கட்டங்கள். பெயர் எழுத வேண்டாம். பென்சிலால் குறித்தால் போதும்.

எனக்கு வேலை கோதுமைக்கு வரும் துரு நோயை ஆராய்கிற கூடத்தில். வருஷத்தில் பாதி நாள் வெளியே பனி கிடக்கும். உள்ளே கண்ணாடி வீட்டில் நல்ல நாற்றுக்கு நோயை நாங்களே வரவழைத்து, அது எப்படிப் பரவுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். நல்ல பிழைப்புத்தான். அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிரசிடென்டை அலசிக்கொண்டிருந்தார்கள். மாணவர் ஊர்வலம் வந்த அன்று அறைக்குள் ஒளிந்துகொண்டார் என்றார் ஒருவர். ஒளிந்துகொண்டதால்தான் யாருக்கும் மண்டை உடையவில்லை என்றார் இன்னொருவர். ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஒரு மனிதரின் பதவிக்காலம் முழுவதையும் பிய்த்துப் போட்டார்கள். சாயங்காலம் அவரை நடைபாதையில் பார்த்தால் சிரித்துக் கைகுலுக்கவும் செய்வார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் கிடையாது.

"நீ என்ன போட்டாய், வசந்தா?" என்று கேட்டாள் லிண்டா. எங்கள் துறையின் ஆபீஸ் வேலை எல்லாவற்றையும் பார்க்கிறவள்.

"எல்லாவற்றுக்கும் நடுக் கட்டம்."

"உனக்கு அபிப்பிராயமே கிடையாதா?"

கிடையாது என்று சொல்லித் தாளை அவள் மேஜைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அது முழுக்க நிஜமில்லை. நேர்மை என்ற வரியின் எதிரே வெகுநேரம் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்குகிறவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது நம்முடையதா என்று தெரியாதே, அந்த மாதிரி. ஏன் அப்படி என்று அவளுக்கு விளக்கப் போனால் காஞ்சிபுரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு அவளுக்கு நேரம் கிடையாது. உங்களுக்கு இருக்கும் என்று எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அறுபதுகளில் துணைவேந்தராக இருந்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், பெயரும் வேண்டாம். ஊரில் அவரை வி.சி. அய்யா என்பார்கள். தறிக்காரர் வீட்டில் பிறந்து, தெருவிளக்கு இல்லாத தெருவிலிருந்து படித்து, வெளிநாடு போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர். அவர் பதவிக்கு வந்த அன்று ஊரில் கோயில் யானையைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள் என்று சொன்னால் நம்ப வேண்டும். அவர் ஊர்ப்பக்கம் வந்ததே குறைவு. வந்தாலும் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டார். அதுவும் ஊருக்குப் பெருமையாகவே இருந்தது.

நானும் என் தம்பி குமரேசனும் அவருடைய பல்கலைக்கழகத்தில் படித்தோம். நான் எம்.எஸ்ஸி., அவன் பி.ஏ. கடைசி வருஷம். அந்த வருஷம் மாணவர் கிளர்ச்சி வந்தது. ஆண்கள் விடுதிக்குள் போலீஸ் நுழைய வேண்டுமானால் துணைவேந்தர் சரி என்று சொல்ல வேண்டும். அவர் சரி என்றார். குமரேசன் அப்போது மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தான். அவன் தலைவனும் இல்லை, கல் எறிந்தவனும் இல்லை. மேலே அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர்களைக் கீழே கூட்டிவரலாம் என்று ஏறினவன். தடியடியில் இடது கையின் இரண்டு விரல்கள் உடைந்தன. அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கப்பட்டவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதில் அவன் பெயரும் இருந்தது. கீழே துணைவேந்தரின் கையெழுத்து.

அதே மாதம் எனக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. துணைவேந்தர் பரிந்துரை செய்ய வேண்டும். அவர் அறைக்குப் போய் நின்றேன். "காஞ்சிபுரத்துல எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். என் மார்க்கைப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். "நல்லா படிச்சிட்டுத் திரும்பி வந்துடு" என்றார். அவ்வளவுதான் அவரோடு எனக்கு இருந்த பேச்சு.

தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த எங்கள் அப்பா பயந்த மனிதர். தம்பி நீக்கப்பட்டது வெளியே தெரிந்தால் என் பிரயாணம் கெட்டுவிடும் என்று நினைத்தார். குமரேசனுக்குக் காமாலை கண்டு படிப்பை நிறுத்திவிட்டான், விரல் பஸ் கதவில் நசுங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். "அக்கா போய்ச் சேரட்டும்பா, அப்பால பேசிக்கலாம்" என்று அவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தேன். அப்புறம் அதை யாரும் பேசவில்லை. அப்பா போனார். அம்மா போனபோது நான் வரக்கூட முடியவில்லை. காமாலையும் பஸ் கதவும் அப்படியே நின்றுவிட்டன.

குமரேசன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறான். எட்டு விரலால் அடிக்கிறவன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பத்து விரலால் அடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். அவனிடம் படித்தவர்கள் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வேலையில் இருக்கிறார்கள்.

3

வி.சி. அய்யா ஓய்வு பெற்று, வயதாகி, போன வருஷம் இறந்துபோனார். நான் கோடை விடுமுறைக்கு வருகிறேன் என்று தெரிந்ததும் ஊரில் படத்திறப்புக்கு ஒரு கமிட்டி கூடிவிட்டது. அவரால் ஆளானவர் யாரோ அவர் கையால்தான் படத்தைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்து, என்னைப் பிடித்துப் போட்டார்கள். குமரேசன் அதை எனக்கு ஒரே வரியில் எழுதியிருந்தான். எழுதியிருந்தான் என்பது தப்பு. அவன் கடிதமும் டைப் அடித்துத்தான் வரும், கீழே முதலெழுத்து மட்டும் பேனாவில் இருக்கும். உன் இஷ்டம் என்று முடித்திருந்தான்.

இந்த நாட்டிலிருந்து கிளம்ப வேண்டுமானால் வரிக் கச்சேரிக்குப் போய், நான் பாக்கி எதுவும் வைக்காமல்தான் போகிறேன் என்று ஒரு சீட்டு வாங்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர் என்ன காரியமாகப் பயணம் என்றார். ஒரு படத்தைத் திறக்கப் போகிறேன் என்று நம் பேச்சை அப்படியே இங்கிலீஷில் தூக்கிப் போட்டேன். சினிமா தியேட்டர் வைத்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை, இறந்துபோனவரின் படம், துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள் என்றேன். இறந்தவரை ஏன் மூடித் திறக்கிறீர்கள் என்று கேட்டார். சொந்தக் காரியம் என்று போட்டுக்கொண்டு சீட்டைக் கொடுத்தார்.

என் மகள் மாலதிக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைச் சுருக்கி மாலி ஆக்கிவிட்டார்கள். வீட்டில் மாலதி என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் உடனே திரும்புவதில்லை. விமானத்தில் அவள் இங்கிலீஷில் கேட்டாள், "அந்தத் தாத்தா நல்லவரா கெட்டவரா?" அவளுக்கு எதற்கும் இரண்டு பதில்தான் உண்டு. தூங்கு என்றேன்.

காஞ்சிபுரத்தில் குமரேசனின் மனைவி இந்திரா அவளைப் பார்த்ததும் சொன்னாள்: "இன்னாக்கா இது, மூஞ்சி அப்படியே உங்க அம்மா. வாயத் தொறந்தா மட்டும் வெள்ளக்காரி வர்றா." மாலதி என் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். குமரேசன் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்து என்னைப் பார்த்து, "இளைச்சிட்டியேக்கா" என்றான். ஒன்பது வருஷம் கழித்து நாங்கள் பேசின முதல் பேச்சு அது. எதிர்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

4

கமிட்டி செயலாளர் பாஷா பாய். அச்சாபீஸ் வைத்திருக்கிறார். அவர்கள் குடும்பம் நவாப் காலத்திலிருந்து ஊரில் இருப்பது. அப்பாவுக்குச் சிநேகிதர். வந்து சேர்ந்த மறுநாள் காலையில், மை காயாத நோட்டீஸ் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். குமரேசன் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிருந்தான்.

"பாரும்மா தங்கச்சி, எப்படி இருக்குது?"

விரித்துப் பார்த்தேன். நடுவில் வி.சி. அய்யாவின் படம். தலைமை, வரவேற்புரை, நன்றியுரை என்று ஊரில் பெரிய ஆட்கள் யாரையும் விடாமல் போட்டிருந்தார்கள். படத்தைத் திறந்து வைப்பவர் என்று என் பெயர். அதற்கு மேலேயே கொட்டை எழுத்தில், முன்னிலை: திரு. குமரேசன் அவர்கள்.

"பாய், தம்பியைக் கேட்டீங்களா?"

"கேக்கணுமாம்மா? நம்ம பையன் தானே." பாய்க்கு என் கேள்வியே புரியவில்லை. "பொம்பளை பேரு மட்டும் தனியா நின்னா நல்லா இருக்குமா? பொறந்த வூட்டு ஆம்பளை பேரு ஒண்ணு முன்னிலைல வந்தாத்தான் சபைக்கு மரியாதை. உங்க அப்பா இருந்தா அவர் பேரு. அவர் இல்ல, அதனால இவன். நம்ம ஊர்ல இது வழக்கம் தானே, நீ அங்க போய் மறந்துட்டியா?"

"ஒட்டியாச்சா?"

"பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சு ராஜவீதி வரைக்கும் ஒட்டிக்கினு போறாங்கம்மா."

பாயின் மேல் குற்றமே கிடையாது. ஒரு மனிதர் விரட்டியடித்த பிள்ளையின் பெயரை அதே மனிதரின் படத்துக்குக் கீழே மரியாதைக்கு என்று போட்டுவிட்டார். காமாலை என்று அப்பா சொன்னதை நம்பினவர்களில் அவரும் ஒருவர். காப்பியைக் குடித்துவிட்டு, பேச்சை இங்கிலீஷில் பேசிவிடாதே என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் திக்கென்று இருந்திருக்க வேண்டும். டம்ளரைக் கழுவி வைத்தேன். அவ்வளவுதான்.

மத்தியானம் குமரேசன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

"எம்பேர இவ்ளோ பெருசா நான் பார்த்ததே இல்லக்கா. கல்யாணப் பத்திரிகைல கூட பொடி எழுத்துல தான் போட்டாங்க."

"பாய்கிட்ட சொல்லி எடுத்துடச் சொல்றேன்டா."

"எடுத்தா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா அப்பா சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடும். செத்துப்போன மனுஷனை இப்ப போயி பொய்யனாக்கணுமா?"

"அப்போ நான் மேடை ஏறலை. உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"திரும்பவும் காமாலையா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"நீ ஏறு. பேசு. அவரு உனக்கு நல்லது தானே செஞ்சாரு, அத இல்லைன்னு சொல்ல முடியுமா. நானும் வந்து உக்காந்துக்கறேன். ஆனா எனக்கு ஒண்ணு செய்யி."

"சொல்லு."

"அவரு சம்சாரம் வர்றாங்களாம். உன் பக்கத்துல தான் உக்கார வெப்பாங்க. அவங்கள ஒண்ணு கேளு. அந்த நாளப் பத்தி வூட்ல எப்பயாவது பேசினாரா? கையெழுத்துப் போடும்போது அதுல நம்ம ஊருப் பையன் ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சு போட்டாரா, தெரியாம போட்டாரா? இத மட்டும் கேளு. நான் கேட்டா அந்தம்மா பயந்துடுவாங்க."

"தெரிஞ்சு என்னடா பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. தெரியணும். இத்தினி வருஷமா நான் நெனச்சிக்கினே இருக்கறேன். அவரு ஒரு தடவையாவது நெனச்சாரான்னு தெரியணும்."

இந்திரா சோற்றுப் பானையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். அவள் இரண்டு பேருக்கும் பரிமாறினாள்.

5

பேச்சைத் தயார் செய்ய உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று அல்ல, எதை விடுவது என்றுதான் யோசனை.

அந்த மனிதர் செய்ததை எல்லாம் ஒழுங்காகச் சொல்லவே ஒரு சாயங்காலம் போதாது. அவர் வருவதற்கு முன்னால் பரீட்சை முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர் வந்த பிறகு சொன்ன நாளில் வந்தது. பெண்கள் விடுதியில் தண்ணீர் கிடையாது, வாளியைத் தூக்கிக்கொண்டு ஆண் வாட்ச்மேன் முன்னால் வரிசையில் நிற்போம். அவர் ஒருநாள் சொல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பருவம் முடிவதற்குள் மாடி வரை குழாய் வந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலைக் கல்லூரி ஆரம்பித்தார். ஒரு மந்திரி வீட்டுப் பையனுக்கு இடம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார் என்று பேசிக்கொண்டார்கள். நூலகத்தை ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்தார். நான் அங்கே உட்கார்ந்து படித்துத்தான் இந்தக் கோதுமை வயலுக்கு வந்து சேர்ந்தேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. அவர் யாரையும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார். எதிர்த்துப் பேசின ஆசிரியர்களை ஓரமான வேலைக்குத் தள்ளினார். மாணவர்கள் அவருக்கு மார்க் பட்டியலாகத்தான் தெரிந்தார்கள். விடுதிக்குள் போலீஸை அனுப்பிவிட்டு அவர் வந்து பார்க்கவே இல்லை. குழாயை வந்து பார்த்தவர், உடைந்த கையை வந்து பார்க்கவில்லை. நீக்கப்பட்டவர்களில் எவனையும் கூப்பிட்டு நீ அங்கே என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் தம்பி படியில் எதற்கு ஏறினான் என்று தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் எப்படிக் கூட்டிக் கழிப்பது? இந்த நாட்டில் கட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஊரில் இறந்துபோனால் படத்துக்கு மாலை போட்டு எல்லாம் நல்லது என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் குமரேசனை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பல்கலைக்கழகம் நன்றாக நடந்தது என்பதற்கும் ஒருவன் அதில் நசுங்கினான் என்பதற்கும் நடுவே கோடு போட்டால், நான் எப்போதும் நன்றாக நடந்த பக்கத்தில் நிற்கிறேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. குழாய், நூலகம், மாலைக் கல்லூரி என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

6

ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. படத்தை மூடுவதற்குக் கமிட்டிக்காரர் ஒருவர் தன் கடையிலிருந்து அரக்குநிற முகூர்த்தப் புடவையைக் கொண்டுவந்திருந்தார். மடிப்புக் கலையக் கூடாது, நாளைக்கு அது கடைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று என் காதில் சொன்னார். தரையில் விழாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு திறந்தேன். கைதட்டினார்கள். மாலை போட்டேன். மாலதி முதல் வரிசையில் உட்கார்ந்து ரோஜா இதழைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னிலை வகிப்பவர் என்று குமரேசனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். ஏதாவது இரண்டு வார்த்தை பேசச் சொன்னதற்கு, "நமக்கு பேச்செல்லாம் வராதுங்க, அக்கா பேசுவாங்க" என்றான்.

நான் பேசினேன். குழாயைச் சொன்னபோது பெண்கள் பக்கத்தில் சிரிப்பு. நூலகத்தைச் சொன்னேன். மந்திரி விஷயத்தைச் சொன்னபோது பெரிய கைதட்டல். கடைசியில் எழுதி வைக்காத ஒரு வரி வந்தது. "அவர் போட்ட கையெழுத்தால் வாழ்க்கை மாறினவர்கள் இந்த மேடையிலேயே இரண்டு பேர் இருக்கிறோம்" என்றேன். இரண்டு பிள்ளைகளையும் அய்யாதான் முன்னுக்குக் கொண்டுவந்தார் என்று ஊர் எடுத்துக்கொண்டது. பாஷா பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமரேசனும் கைதட்டினான். நான் உட்கார்ந்தேன்.

வி.சி. அய்யாவின் மனைவி எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். வயசாகி, சின்னதாக, காதில் தோடு இல்லாமல். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பேசினியேம்மா. அவரு கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றார். நன்றியுரை சொல்கிறவர் நீட்டிக்கொண்டிருந்தார். இதை விட்டால் நேரம் இல்லை என்று அவர் பக்கம் குனிந்தேன்.

"அம்மா, அந்த வருஷம் ஹாஸ்டலுக்குள்ள போலீஸ் வந்ததே, அதைப் பத்தி அய்யா வீட்டில எப்பவாவது பேசுவாரா?"

"ஏம்மா, அந்த நாளை அவரு எங்க மறந்தாரு?" என்றார் அந்த அம்மாள் உடனே. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலப் பேசினார். "வருஷா வருஷம் அந்த தேதி வந்தா சொல்லுவாரு. நான் செஞ்சதுலயே சரியா செஞ்சது அது ஒண்ணுதான், அன்னிக்கி மட்டும் நான் அசைஞ்சிருந்தா யுனிவர்சிட்டி போயிருக்கும்னு. பேரு எழுதிக்கினு வந்தாங்களாம். அதுல நம்ம ஊருப் பையன் ஒருத்தன் இருக்கான், அவன் மேல அவ்வளவா தப்பு இல்ல, எடுத்துடலாமான்னு ரிஜிஸ்ட்ரார் கேட்டாராம். என் ஊருக்காரன்னு நான் எடுத்துட்டா அப்பால நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்த நாற்காலில உக்கார்றதுன்னு சொல்லி, கையெழுத்துப் போட்டாராம். சாகற வரைக்கும் அதச் சொல்லிக்கினே இருந்தாரு. அவ்ளோ நேர்மைம்மா அவருக்கு."

"அந்தப் பையன் பேரு சொன்னாரா?"

"சொல்லியிருப்பாரு. எனக்குத்தான் ஞாபகம் இல்ல." என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம் உக்காந்திருக்கறது உன் தம்பியா? பாவம், கையில இன்னா?"

"பஸ் கதவுல நசுங்கிடுச்சும்மா" என்றேன். எங்கள் வீட்டு வழக்கம், வாயில் தானாக வருகிறது.

7

அன்று வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். மறுநாள் காலையில் குமரேசனுக்கு முதல் பேட்ச் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், போய்விட்டான். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். மாலதி எதிர்வீட்டில் தறி பார்க்கப் போயிருந்தாள்.

"கேட்டியா?" என்றான்.

பொய் சொல்வதாகத்தான் இருந்தேன். வருத்தப்பட்டாராம், கண்கலங்கினாராம் என்று ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது. எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம். ஆனால் அவன் இலையில் கை வைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். ரிஜிஸ்ட்ரார் கேட்டதையும் சொன்னேன். அவன் மேல் தப்பு இல்லை என்று தெரிந்தேதான் என்பதையும் விடவில்லை.

"நம்ம ஊருன்னு தெரியும் அவருக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் போட்டாரு."

"தெரிஞ்சதனாலதான் போட்டாரு."

"வருஷா வருஷம் சொன்னாராமா?"

"சாகற வரைக்கும்."

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறான் என்று நினைத்து எழுந்திருக்கப் போனேன். நிமிர்ந்தான். அழவில்லை.

"அப்ப மறக்கலக்கா" என்றான்.

உள்ளேயிருந்து இந்திரா, "இன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. மோர் கொண்டா."

அவன் சாப்பிட ஆரம்பித்தான். முகம் தெளிந்திருந்தது. ஏதோ பெரிய காரியம் முடிந்தவன் மாதிரி நிதானமாக, ரசித்துச் சாப்பிட்டான். அவன் படிப்பைப் பிடுங்கினவர், தன் நேர்மைக்குச் சாட்சியாக வருஷத்துக்கு ஒரு தடவை, யாரிடமோ, அவனைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதரின் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் தப்பு செய்தார் என்பதற்காக அல்ல. என் தம்பியை இவ்வளவு கொஞ்சத்துக்கு சந்தோஷப்படுகிறவனாக ஆக்கிவிட்டுப் போனாரே என்று.

இந்திரா கொண்டுவந்த மோரை நான் வாங்கி அவன் சோற்றில் ஊற்றினேன். அதிகமாகி இலை ஓரமாக வழிந்தது. அவன் அதைக் கையால் வளைத்து இழுத்துக்கொண்டான்.

"போதும்க்கா" என்றான்.